கமராவுக்கு உறுதியான கால்: ஸ்டேண்ட் வாங்கும் முன் ஒரு பாடம்



வீட்டுத்தோட்டம், சேமிப்பு, பிள்ளை பராமரிப்பு என்று வழக்கமாக எழுதும் பக்கத்தில் இம்முறை கமரா ஸ்டேண்ட் பற்றி எழுதுகிறோம். "லயத்தில இருக்கிற நமக்கு இது என்னத்துக்கு?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இன்று தோட்டங்களில் கமரா வைத்துத் தொழில் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா, பாடசாலைப் பரிசளிப்பு எல்லாவற்றுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுகிறோம். அந்தக் கமராக்களில் பல, அம்மாமார் மலையில் உழைத்த காசில் வாங்கியவை. அந்தக் காசு ஒரு நொடியில் கீழே விழுந்து உடையாமல் இருக்கத்தான் இந்தப் பாடம்.

கடையில் இதை ட்ரைபொட் என்பார்கள். புத்தகத்தில் முக்காலி என்று இருக்கும். நம்ம பிள்ளைகள் ஸ்டேண்ட் என்கிறார்கள். நாங்களும் அப்படியே எழுதுகிறோம்.

நடந்த கதை

சில வருடங்களுக்கு முன்பு கீழ்க்கணக்கிலிருந்து ஒரு தம்பி எங்களிடம் வந்தார். சாதாரண தரம் படித்து, டவுனில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருடம் வேலை பழகியவர். அம்மா கொழுந்து எடுப்பவர். சீட்டுக் காசும் தோடு அடகு வைத்த காசும் சேர்த்து, மகனுக்குப் பாவித்த கமரா ஒன்றும் தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய லென்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்டேண்ட் மட்டும்தான் பாக்கி. கடையில் இரண்டு காட்டினார்களாம். ஒன்று கனமானது, விலையும் கூட. மற்றது பளபளப்பான பெட்டியில் இருந்தது. கையில் தூக்கினால் குடை மாதிரி லேசு. விலை மூன்றில் ஒரு பங்கு.

"எதை வாங்கலாம் ஐயா?" என்று கேட்டார்.

நாங்கள் சிக்கனம் சொல்லிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, "படம் எடுக்கிறது கமராதானே தம்பி, ஸ்டேண்ட் சும்மா நிக்கிறதுதானே. சின்னதை வாங்கிட்டு மிச்சக் காசை அம்மாகிட்ட குடுங்க" என்று சொன்னோம்.

அந்த வருடம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா. தேர் திரும்பும் இடத்தில், பாதைக்கு மேலே உள்ள சரிவில் தம்பி ஸ்டேண்டை வைத்தார். ஒரு கால் மட்டும் பள்ளத்துப் பக்கம் இருந்தது. கூட்டத்துக்கு மேலால் தெரிய வேண்டும் என்று நடுத்தண்டை முழுவதும் உயர்த்தி, பெரிய லென்ஸைப் பூட்டினார். தேர் வந்தது. தலையிலிருந்த பிளாஸ்டிக் பூட்டு பாரம் தாங்காமல் வழுக்கியது. லென்ஸ் மூக்குக் குத்தியது. பாரம் முழுவதும் முன்னால் சாய, பள்ளத்துப் பக்கம் இருந்த மெல்லிய கால் மடங்கியது. கமரா கல்லுப் படியில் போய் விழுந்தது.

திருத்தும் செலவு, வாங்காமல் விட்ட அந்த நல்ல ஸ்டேண்டின் விலையை விடக் கூடுதலாக வந்தது. அடுத்த நாள் பிரட்டில் அந்த அம்மாவைக் கண்டோம். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னதைத்தான் ஐயா வாங்கினான்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தை நாங்கள் படித்தோம். ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டோம். காணி அளக்க வந்த நில அளவையாளர்கள் மூன்று காலைச் சரிவில் எப்படி ஊன்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தோம். அந்தத் தம்பிக்கு அன்று நடந்ததில் மூன்று பிழைகள் இருந்தன. தலை பலமில்லாதது, நடுத்தண்டு உயர்த்தியது, கால் வைத்த முறை. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டேண்ட் எதற்கு?

வெளிச்சம் குறைவாக இருந்தால் கமராவின் கண் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். கையில் பிடித்து எடுப்பவர்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 50 மில்லிமீற்றர் என்றால் 1/50 செக்கனை விட மெதுவாக எடுக்கக் கூடாது. 200 மில்லிமீற்றர் என்றால் 1/200 செக்கன். இப்போதைய கமராக்களில் கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருப்பதால் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகலாம். ஆனால் கோயில் விளக்கு வெளிச்சத்தில் அரைச் செக்கன், ஒரு செக்கன் என்று வந்துவிட்டால் யார் கையும் நிற்காது. அங்கேதான் ஸ்டேண்ட் வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டேண்ட் கமராவைத்தான் நிறுத்தும், எதிரே ஆடுபவரை நிறுத்தாது. காவடி ஆடுகிறவரை ஒரு செக்கன் திறந்து வைத்து எடுத்தால் கோயில் தெளிவாக விழும், அவர் மட்டும் புகை மாதிரி வருவார். அதற்கு பிளாஷ் வேண்டும், அல்லது கண் வேகமாகத் திறந்து மூட வேண்டும்.

நம்ம மலையகத்துக்கும் இந்தக் கலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பொகவந்தலாவை புனித மேரி தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரின் கல்லறை இருக்கிறது. படக்கலையின் ஆரம்ப காலத்தில் பெரும் பெயர் எடுத்தவர். சரித்திரப் பாடத்தில் வரும் கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் கமரன்தான் இவருடைய கணவர். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய இந்த அம்மையார், 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காலமானார். இங்குள்ள தொழிலாளிகளையும் கிராமத்தவர்களையும் இவர் படம் எடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தட்டில் ஒரு முகம் பதிய பல செக்கன்கள், சில வேளை நிமிடக்கணக்கு எடுக்கும். பெட்டி போன்ற அந்தக் கனத்த கமராவுக்குக் கீழே உறுதியான ஸ்டேண்ட் இல்லாமல் படமே இல்லை.

கால்கள்

நாலு கால் மேசை சமமில்லாத தரையில் ஆடும். ஆனால் மூன்று கல் வைத்த அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளி எப்படி இருந்தாலும் ஒரே தளத்தில் அமையும். ஸ்டேண்டுக்கு மூன்று கால் வைத்ததன் காரணமும் இதுதான். கால் பலமாக இருந்தால்தான் அந்த நன்மை கிடைக்கும்.

காலை மூன்று பொருளில் செய்கிறார்கள். அலுமினியம் விலை குறைவு, நல்ல பலம். அடிபட்டால் நெளியும், ஆனாலும் பாவிக்கலாம். குளிர்காலையில் தொட்டால் கை விறைக்கும். காபன் பைபர் லேசானது, நடுக்கத்தைச் சீக்கிரம் அடக்கும். பிரான்சில் தொடங்கிய கிட்ஸோ என்ற கம்பனி 1994இல் இந்தக் கால்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை கூட, பலமாக அடிபட்டால் வெடிக்கும். மூன்றாவது மரம். நில அளவையாளர்கள் வைத்திருப்பார்கள். நடுக்கத்தை நன்றாக அடக்கும், ஆனால் தூக்குவது கஷ்டம். நம்ம பிள்ளைகளுக்கு, முதல் ஸ்டேண்டாக அலுமினியமே போதும் என்பது எங்கள் எண்ணம்.

காலைத் துண்டு துண்டாக இழுத்து நீட்டலாம். மூன்று துண்டு உள்ளது, நான்கு துண்டு உள்ளது என்று இருக்கும். துண்டு கூடக்கூட அடிக்குழாய் மெலியும். மேல் குழாய் 28 மில்லிமீற்றர் இருந்தாலும் நான்காவது துண்டு 18, 19 மில்லிமீற்றருக்கு வந்துவிடும். கடைக்காரர் மேல் குழாயைக் காட்டுவார். நீங்கள் அடிக்குழாயைப் பாருங்கள். பஸ்ஸில் கொண்டு போகச் சின்னதாக மடங்க வேண்டும் என்றால் நான்கு துண்டு வாங்கலாம், இல்லாவிட்டால் மூன்று துண்டுதான் உறுதி.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விடயம். விலை குறைந்த ஸ்டேண்டுகளில் மூன்று காலையும் நடுத்தண்டோடு இணைக்கும் சின்னச் சின்னக் கம்பிகள் இருக்கும். ஒரு காலை விரித்தால் மூன்றும் சேர்ந்து விரியும். ஹோல் தரைக்கு அது சரி. தேயிலை மலைச் சரிவில் சரிப்படாது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு காலும் தனித்தனியாக, இரண்டு மூன்று கோணத்தில் விரிந்து நிற்கும் ஸ்டேண்ட்.

காலின் பூட்டு இரண்டு விதம். ஒன்று நெம்பி மூடும் கிளிப், மற்றது திருகுவது. கிளிப் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். திருகும் பூட்டு கொடியிலும் பையிலும் மாட்டாது. இரண்டும் நல்லதுதான். கிளிப்பைத் திரும்ப இறுக்க ஒரு ஆணி இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுத்தண்டு

உயரம் போதவில்லை என்றால் கடைசியாகத் தொடுவதுதான் நடுத்தண்டு. முதலில் காலின் மேல் துண்டை, அதாவது மொத்தமானதை, நீட்ட வேண்டும். பிறகு மெல்லியது. அதற்குப் பிறகும் போதாவிட்டால் மட்டும் நடுத்தண்டு. நடுத்தண்டை முழுவதும் உயர்த்தினால் மூன்று காலின் மேல் ஒரு ஒற்றைக் கம்பை நட்டு, அதன் உச்சியில் கமராவை வைத்த மாதிரித்தான். காற்றடித்தால் அந்தக் கம்பு ஆடும்.

ஆகவே உயரத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். உங்கள் உயரம் 165 சென்டிமீற்றர் என்று வைப்போம். கண் இருப்பது சுமார் 154இல். ஸ்டேண்டின் தலை 10 சென்டிமீற்றர் எடுக்கும். கமராவின் அடியிலிருந்து நீங்கள் பார்க்கும் துளை வரை இன்னொரு 9. ஆகவே நடுத்தண்டு உயர்த்தாமல் கால் மட்டும் 135 சென்டிமீற்றர் வர வேண்டும். சரிவில் பள்ளத்துக் கால்கள் இன்னும் நீள வேண்டும். அதற்கு ஒரு 15 சென்டிமீற்றர் கூடுதலாக இருந்தால் நல்லது. பெட்டியில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் நடுத்தண்டையும் சேர்த்த உயரம். ஏமாற வேண்டாம்.

தலை

காலுக்கு மேலே கமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உள்ள பாகத்தை ஹெட் என்பார்கள். நம்ம தம்பியின் கமராவை விழுத்தியது இதுதான். கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் தலை வழுக்கினால் எல்லாம் வீண்.

தலையில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது, குண்டுத் தலை. ஒரு உலோகக் குண்டு கிண்ணத்துக்குள் உருளும். ஒரு குமிழைத் திருகினால் எல்லாப் பக்கமும் ஒரேயடியாகப் பூட்டும். வேகமான வேலைக்கு நல்லது. குண்டு பெரிதாக இருந்தால் பிடி கூட. குண்டின் இறுக்கத்தைக் கொஞ்சமாக வைக்கும் இன்னொரு குமிழ் தனியாக இருந்தால் இன்னும் நல்லது. பூட்டைத் தளர்த்தியதும் கமரா திடீரென்று கவிழாது.

இரண்டாவது, மூன்று கைப்பிடித் தலை. பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பின் சாய்க்க ஒன்று, நெட்டுவாக்குக்கு ஒன்று. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒன்றைத் தளர்த்தினால் மற்ற இரண்டும் அசையாது. குடும்பப் படம், பாடசாலைக் குழுப் படம், அடையாள அட்டைப் படம் எடுப்பவர்களுக்கு இதுதான் வசதி.

மூன்றாவது, வீடியோத் தலை. உள்ளே கெட்டியான எண்ணெய்ப் பசை இருப்பதால் திருப்பும்போது வெட்டி இழுக்காமல் வழுவழுவென்று போகும். கலியாண வீடியோ எடுப்பவர்களுக்கு. நெட்டுவாக்குப் படத்துக்கு அவ்வளவு வசதியில்லை.

தலையைக் கழற்றிப் போடக்கூடிய ஸ்டேண்டையே வாங்குங்கள். காலின் உச்சியில் 3/8 அங்குல ஆணி இருக்கும். அது பொதுவான அளவு. இன்று கால் வாங்கி, நாளைக்குக் காசு வரும்போது நல்ல தலை போடலாம். கமராவின் அடியில் உள்ள துளை 1/4 அங்குலம். அதுவும் பெரும்பாலான கமராவுக்கு ஒரே அளவுதான். போனில் படம் எடுக்கிறவர்கள் இந்த 1/4 அங்குல ஆணியில் பூட்டும் ஒரு கவ்வியை வாங்கினால் அதே ஸ்டேண்ட் போனுக்கும் உதவும்.

கமராவின் அடியில் பூட்டும் சின்னத் தட்டு ஒன்றும் உண்டு. அது தொலைந்தால் ஸ்டேண்ட் வெறும் கம்பு. சில கம்பனிகள் தங்களுக்கென்று தனி அளவில் தட்டுச் செய்கின்றன. அது வேறு எங்கும் கிடைக்காது. ஆர்கா சுவிஸ் மாதிரித் தட்டு என்று கேட்டு வாங்குங்கள். சுமார் 38 மில்லிமீற்றர் அகலம், இரண்டு பக்கமும் சரிவாக வெட்டியது. பல கம்பனிகள் அந்த அளவிலேயே செய்வதால் மாற்றுத் தட்டு கிடைக்கும். தட்டு உலோகமாக இருக்கட்டும்.

பாரக் கணக்கு

பெட்டியில் "8 கிலோ தாங்கும்" என்று இருக்கும். இந்த எண்ணைக் கணிக்க எல்லாக் கம்பனிக்கும் பொதுவான முறை கிடையாது. ஒருவர் உடையாமல் நிற்பதைச் சொல்லுவார், இன்னொருவர் ஆடாமல் நிற்பதைச் சொல்லுவார். ஆகவே உங்கள் கமராவின் நிறையை எடுத்து, அதைப் போல இரண்டு மூன்று மடங்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். கமரா 700 கிராம், பெரிய லென்ஸ் ஒன்றரைக் கிலோ, பிளாஷ் 400 கிராம் என்றால் மொத்தம் 2.6 கிலோ. உங்களுக்கு வேண்டியது 6 கிலோவுக்குக் குறையாதது. காலுக்கு ஒரு எண்ணும் தலைக்கு ஒரு எண்ணும் இருந்தால், சின்ன எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

நல்ல அலுமினிய ஸ்டேண்ட் தலையோடு இரண்டு, இரண்டரைக் கிலோ வரும். "பாரம் ஐயா" என்று ஒரு பையன் சொன்னார். நம்ம அம்மாமார் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்தைச் சரிவில் சுமந்து மடுவத்துக்கு வருகிறார்கள். இரண்டரைக் கிலோ ஒரு பாரமா?

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வெட்கப்பட வேண்டாம். உங்கள் காசு. கமராவையும் இருப்பதிலேயே பெரிய லென்ஸையும் கையோடு கொண்டு போங்கள்.

1. காலை முழுவதும் நீட்டி, பூட்டி, உச்சியில் உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். எந்தக் காலும் உள்ளே வழுக்கக் கூடாது.

2. உச்சியைப் பிடித்து, துணி பிழிகிற மாதிரி மெதுவாக முறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி சுற்றித் திரும்பினால் வேண்டாம்.

3. கமராவைப் பூட்டி, லென்ஸை முன்னால் கொஞ்சம் சாய்த்துப் பூட்டுங்கள். கமராவின் திரையில் ஒரு பெயர்ப் பலகை எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள். கையை எடுத்ததும் எழுத்து மெதுவாகக் கீழே இறங்கினால் தலை பாரம் தாங்கவில்லை.

4. அப்படியே காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்து ஆடும். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு ஸ்டேண்ட் இருந்தால் எது சீக்கிரம் நிற்கிறதோ அது நல்லது.

5. கமராவை நெட்டுவாக்கில் சாய்த்துப் பூட்டுங்கள். தட்டில் கமரா சுழன்று திரும்பக் கூடாது.

6. கையை நனைத்துக்கொண்டு பூட்டுகளைத் திறந்து மூடுங்கள். மழையில் நனைந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் நாம்.

7. மாற்றுத் தட்டும் ரப்பர்ப் பாதமும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மலையில் நிறுத்தும் முறை

சரிவில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். நில அளவையாளர்கள் செய்வது இதுதான். நம்ம தம்பி செய்தது இதற்கு நேர்மாறு. மண் மெத்தென்று இருந்தால் காலை ஒவ்வொன்றாக அழுத்தி ஊன்றிவிட்டுப் பிறகு கமராவைப் பூட்டுங்கள். சிமெந்துத் தரையில் ரப்பர்ப் பாதம், மண்ணில் கூர் ஆணி. சமதரையில் ஒரு காலை லென்ஸ் பார்க்கும் பக்கத்துக்கு வைத்தால் முன்பாரத்தை அது தாங்கும்.

காற்றடித்தால் கமரா வாரைக் கழற்றுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். அது கொடி மாதிரி ஆடி படத்தைக் கெடுக்கும். நடுத்தண்டின் அடியில் கொளுக்கி இருந்தால் பையைத் தொங்க விடலாம். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சல் ஆடி, ஸ்டேண்டையும் ஆட்டும்.

பொத்தானைக் கையால் அமுக்குவதும் ஆட்டம்தான். கமராவின் இரண்டு செக்கன் டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். லென்ஸில் ஆட்டம் குறைக்கும் சுவிட்ச் இருந்தால், ஸ்டேண்டில் வைக்கும்போது அதை மூட வேண்டுமா என்று கமராவோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். பழைய லென்ஸ்கள் பலவற்றுக்கு மூடுவதே நல்லது.

உயிர் பற்றிய மூன்று விடயம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடி மின்னல் வரும். அலுமினியமும் காபனும் மின்சாரம் கடத்தும். முழக்கம் கேட்டதும் ஸ்டேண்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். மின்கம்பிக்குக் கீழே ஸ்டேண்டை நீட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். ரயில் பாதையில் எந்தக் காரணத்துக்கும் ஸ்டேண்ட் வைக்க வேண்டாம்.

பராமரிப்பு

மழையில் நனைந்த காலை மடித்து மூலையில் வைக்காதீர்கள். ஈரத்துணியால் சேற்றைத் துடைத்து, காலை நீட்டி, இஸ்தோப்பில் நிழலில் காய விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், ரப்பரும் ஒட்டும் கெட்டுப்போகும். தலையின் குண்டுக்கும் காலின் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் போடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. கட்டாயம் வேண்டாம். உராய்வில்தான் பிடிக்கிறது, எண்ணெய் போட்டால் வழுக்கும். மாதம் ஒருமுறை எல்லா ஆணியையும் இறுக்கிப் பாருங்கள்.

காசு போதாவிட்டால்

போதாத காசுக்குப் போதாத ஸ்டேண்ட் வாங்குவதை விட, கொஞ்சம் பொறுப்பது நல்லது. அதுவரை ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசியோ பயறோ போட்டுக் கட்டி, மதில் மேல், மேசை மேல் வைத்து, அதன் மேல் கமராவைப் பதியவைத்து எடுக்கலாம். அது லேசான ஸ்டேண்டை விட உறுதி. பழைய அலுமினிய ஸ்டேண்ட் பாவித்ததாகக் கிடைத்தால் பாருங்கள். கமராவைப் போல அது சீக்கிரம் பழசாகாது. இன்று வாங்கும் கமராவை ஐந்தாறு வருடத்தில் மாற்றுவீர்கள், நல்ல ஸ்டேண்ட் அதற்குப் பிறகும் நிற்கும். இளைஞர் கழகத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பாவிப்பதும் நல்ல வழி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கமரா வாங்கக் காசு கேட்டால், கமராவின் விலையை மட்டும் கேட்காதீர்கள். "ஸ்டேண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்க?" என்றும் கேளுங்கள். கமராவின் விலையைக் கொஞ்சம் குறைத்தாவது ஸ்டேண்டுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போது பாவித்த அலுமினிய ஸ்டேண்ட் ஒன்று வைத்திருக்கிறார். மூன்று துண்டுக் கால், தனித்தனியாக விரியும், பெரிய குண்டுத் தலை. நாங்கள் கூடவே போய், மேலே எழுதிய ஏழு சோதனையையும் செய்துதான் வாங்கினோம். கடைக்காரர் முகம் கொஞ்சம் கோணியது, பரவாயில்லை. அம்மாவின் தோட்டை மீட்க ஒன்றரை வருடம் பிடித்தது. சரியாகச் சொல்லியிருந்தால் அது ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்திருக்கும். தெரியாத விடயத்துக்குத் தெரிந்த மாதிரி புத்தி சொல்லக் கூடாது என்பது எங்களுக்குக் கிடைத்த பாடம்.

இளைஞர் கழகத்தில் பேசிப் பார்க்க

1. நடுத்தண்டைக் கடைசியாக உயர்த்துவது ஏன்?

2. சரிவில் எந்தப் பக்கம் இரண்டு கால் வர வேண்டும்?

3. உங்கள் கமராவும் லென்ஸும் சேர்ந்து எத்தனை கிராம்? கொழுந்துத் தராசில் வேண்டாம், கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அப்படியானால் எத்தனை கிலோ தாங்கும் ஸ்டேண்ட் வேண்டும்?

4. உங்கள் உயரத்துக்குக் கால் எத்தனை சென்டிமீற்றர் வர வேண்டும்?

ஸ்டேண்ட் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாங்கிய பிறகு கமராவோடு எங்கள் அலுவலகப் பக்கம் ஒருமுறை வாருங்கள். சேர்ந்தே அமுக்கிப் பார்ப்போம்.